வாழ்க்கை வரலாற்று நூலில் 32 வண்ணப் பக்கங்கள்: எந்த ஓவியங்களைச் சேர்ப்பது?

கேள்வி
எழுதியவர்: சுங்கை சிப்புட் தூரிகை

அனைவருக்கும் வணக்கம். நான் மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டில் பெயர்ப்பலகை எழுதியும் கோயில் சுவர்களில் படம் தீட்டியும் பிழைக்கும் ஓவியன். எனக்குத் தூரிகை பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர், இவ்வூரைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டமொன்றில் விடியற்காலையில் பால்மரம் வெட்டிவிட்டு (பட்டையைக் கீறிப் பால் எடுத்துவிட்டு), மதியத்துக்குமேல் சைக்கிளில் பட்டணத்துக்கு வந்து தியேட்டர் பலகைகள் வரைந்தவர். அவர் மறைந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அவருடைய மகள், ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை, தந்தையின் வாழ்க்கை வரலாற்றை எழுதி முடித்துவிட்டார். "எழுத்தை நான் பார்த்துக்கொள்கிறேன், படங்களை நீதான் பொறுக்கித் தர வேண்டும் தம்பி" என்று அக்கா சொன்னபோது, ஒரு வார வேலை என்று நினைத்து ஒப்புக்கொண்டேன். ஐந்து மாதங்கள் ஓடிவிட்டன.

கையில் ஏறத்தாழ 140 படங்கள் சேர்ந்துள்ளன. பாதிக்குமேல் மூலமே வீட்டில் இருக்கிறது: நீர்வண்ணத் தாள்கள், ஒட்டுப்பலகையில் எண்ணெய் வண்ணம், தகரத்தில் எனாமல் பெயிண்ட். மற்றவை பிறர் வீட்டுச் சுவர்களில் தொங்குகின்றன, அல்லது மூலம் அழிந்து புகைப்படமோ ஸ்லைடோ மட்டும் எஞ்சியிருக்கின்றன. கோயில் சுவர்களில் அவர் தீட்டியவற்றுள் ஒன்றுகூட இன்று இல்லை. 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை கும்பாபிஷேகத்துக்குச் சுவரைச் சுரண்டிப் புதுவண்ணம் பூசியபோது அவை போயின. அவற்றில் ஒன்றன்மேல் வண்ணம் பூசியவன் நானே என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

என் முதல் இடர்ப்பாடு என் கண்தான். ஆசிரியர் கடைசிக் காலத்தில் இவ்வூரின் சுண்ணாம்புக்கல் மலைகளைப் பனிமூட்டத்தோடு நீர்வண்ணத்தில் வரைந்த சிறு தாள்கள் முப்பதுக்குமேல் உள்ளன, ஓவியன் என்ற முறையில் அவற்றுக்கு ஈடாக அவர் வேறெதையும் செய்யவில்லை என்பது என் எண்ணம். ஆனால் நான் முதலில் பொறுக்கிய பட்டியலைப் பார்த்த அக்கா, "இதில் அப்பா எங்கே இருக்கிறார்?" என்று கேட்டார். அவருக்குத் தோட்டத்து மனிதர்கள் வேண்டும், பேரப்பிள்ளைகளுக்குச் சாமி படங்கள் வேண்டும், நூலுக்குப் பணம் தருகிறவர்களுக்கு ஒரு மண்டபத்துக்காக அவர் வரைந்த, இவ்வூரில் பிறந்த அரசியல் தலைவர் துன் சம்பந்தனின் உருவப்படம் கட்டாயம் வேண்டும். அந்த உருவப்படம் புகைப்படமொன்றைக் கட்டம் போட்டுப் பெரிதாக்கியது, ஆசிரியரே அதைக் கூலி வேலை என்றுதான் சொல்லுவார்.

இரண்டாவது, நூலின் நடுநாயகமாக நான் நினைத்திருக்கும் எண்ணெய் வண்ணப் படம். குடியுரிமை பெறாத சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் வேலை அனுமதி கிடைக்காமல் 1969ஐ ஒட்டி இந்தியாவுக்குத் திரும்பியபோது, பினாங்குத் துறையில் ரஜூலா கப்பலுக்குக் காத்திருக்கும் குடும்பங்களை அதில் வரைந்திருக்கிறார். அந்நாளில் தகரப் பெட்டிகளின்மேல் பெயரையும் போகும் ஊரையும் வெள்ளைப் பெயிண்டில் எழுதிக் கொடுத்தவரும் அவரே என்பதால், படத்திலுள்ள ஒவ்வொரு பெட்டியிலும் எழுத்து இருக்கிறது. 91 செ.மீ. அகலமுள்ள அந்தப் படத்தை இரண்டு பக்கங்களுக்கும் விரித்துப் போடலாமா?

மூன்றாவது, மூலம் இல்லாதவற்றின் புகைப்படங்கள். 1970களில் எடுத்த வண்ணப் படங்கள் யாவும் செம்மை பாய்ந்து, வானம்கூட இளஞ்சிவப்பாகத் தெரிகிறது. கணினியில் சரிசெய்து விடலாம் என்று அச்சிடுவோர் சொல்கின்றனர், ஆனால் எந்த நிறத்துக்குச் சரிசெய்வது என்று கேட்டால் என் நினைவை நம்பச் சொல்கிறார்கள். மாதிரிக்கு ஆறு படங்களை இக்கேள்வியோடு இணைத்திருக்கிறேன். நூல் தயாரித்த அனுபவமுள்ளவர்கள் வழி சொல்ல வேண்டும்.

மறுமொழி 1
எழுதியவர்: ஈப்போ அச்சகத்தார், ஓய்வு

வணக்கம் ஐயா. தேர்வைப் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும், முப்பது ஆண்டுகளாக மை நாற்றத்தில் இருந்தவன் என்பதால் அச்சுக்குரியதை மட்டும் சொல்லுகிறேன். 32 பக்கம் என்பது 16 பக்க ஃபாரம் (ஒரே தாளில் அச்சிட்டு மடிக்கும் பக்கக் கட்டு) இரண்டு. இரண்டையும் ஓரிடத்தில் சேர்த்துத் தைப்பதா, நூலின் இருவேறு இடங்களில் செருகுவதா என்பதை இப்போதே முடிவுசெய்யுங்கள், ஏனென்றால் எந்தப் படம் எந்த அத்தியாயத்துக்கு அருகில் விழும் என்பதை அதுதான் தீர்மானிக்கும்.

ரஜூலா படத்தை விரித்துப் போடாதீர்கள். தைத்த நூலோ பசை ஒட்டிய நூலோ, நடுமடிப்பு இரு பக்கத்திலும் சில மில்லிமீட்டரை விழுங்கும், படிப்பவர் நூலின் முதுகை முறித்துப் பார்த்தாலொழிய அங்கே நிற்கும் மனிதர்கள் பாதி முகத்தோடுதான் தெரிவார்கள். இடப்பக்கத்தில் படம் முழுவதையும் சுற்றிலும் வெள்ளை விட்டுப் போட்டு, வலப்பக்கத்தில் பெட்டிகள் இருக்கும் பகுதியை மட்டும் பெரிதாக்கிப் போடுங்கள். 91 செ.மீ. அகலத்தை 18 செ.மீ. ஆக்கினால் ஐந்தில் ஒரு பங்காகிறது, ஒரு செ.மீ. உயரமான எழுத்து 2 மி.மீ. ஆகிவிடும். அவர் கைப்பட எழுதிய ஊர்ப்பெயர்கள் படிக்க முடியாமல் போனால் அந்தப் படத்தைப் போட்டு என்ன பயன்?

இணைத்த படங்களில் இரண்டு வாட்சப்பில் வந்தவை என்று பார்த்தவுடன் தெரிகிறது, அவற்றை அச்சுக்குக் கொடுக்கக் கூடாது. ஓவியத்தை 20 செ.மீ. அகலத்தில் அச்சிட, அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் ஏறத்தாழ 2,360 பிக்சல் வேண்டும். 24 மெகாபிக்சல் கேமரா ஒன்றை இரவல் வாங்கினாலே தாராளமாகப் போதும். கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றாமல் எடுக்காதீர்கள். கேமரா ஓவியத்துக்கு நேர் எதிரே நிற்கிறதா என்று பார்க்க எங்கள் கடையில் ஓர் உத்தி உண்டு: ஓவியத்தின் நடுவில் சிறு முகக்கண்ணாடியைத் தட்டையாக வைத்து, லென்ஸின் பிம்பம் கேமராத் திரையின் மையத்தில் விழும்வரை முக்காலியை நகர்த்துவோம். தகரத்தில் அடித்த எனாமல்தான் உங்களைப் படாதபாடு படுத்தும், எதிரே உள்ளதெல்லாம் அதில் பிரதிபலிக்கும். இரண்டு விளக்குகளை இருபுறமும் 45 பாகையில் வைத்து, கேமராவுக்குப் பின்னால் கறுப்புத் துணியைத் தொங்கவிட்டு, துணியில் துளையிட்டு லென்ஸை மட்டும் நீட்டி எடுங்கள். விளக்குகள் இல்லையென்றால், வெயில் நேராகப் படாத கடை ஐந்தடியின் (கடைக்கு முன்னுள்ள கூரையிட்ட நடைபாதையின்) காலை வெளிச்சமே நல்லது. ஒவ்வொரு தடவையும் ஓவியத்தின் ஓரத்தில் வண்ண அளவு அட்டையை வைத்து ஒரு படம் எடுத்துக்கொள்ள மறக்க வேண்டாம்.

நான்கு வண்ண அச்சில் எல்லா நிறமும் வராது என்பதையும் குடும்பத்தாரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அல்ட்ராமரின் நீலம் ஊதாப் பக்கம் சாயும், சாமி படங்களில் அடித்திருக்கும் பளீரென்ற ஆரஞ்சும் பச்சையும் மங்கும். நூலுக்கு வாங்கப்போகும் அதே தாளில் வண்ண மெய்ப்பு எடுத்து, மூலத்தை வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், குழல் விளக்கின் கீழ் ஒப்புதல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு அச்சகத்தாரிடம் சண்டைக்கு வராதீர்கள். தாளைப் பொறுத்தவரை, உங்கள் பனிமூட்ட மலைகளுக்குப் பளபளப்பான ஆர்ட் பேப்பர் பகை. 150 கிராம் மேட் தாள் கேளுங்கள்.

மறுமொழி 2
எழுதியவர்: மெய்ப்புத் திருத்துபவர், கோலாலம்பூர்

ஓவியருக்கு வணக்கம். நீங்கள் முதலில் தயாரித்தது கண்காட்சிப் பட்டியல் என்றே நினைக்கிறேன். கண்காட்சியில் சிறந்தவை தொங்க வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை, ஆனால் வாழ்க்கை வரலாற்றில் ஒரு படம் இடம்பெறுவதற்கு அது சிறந்தது என்பது மட்டும் காரணமாகாது. நான் பணியாற்றிய நூல்களில் பின்பற்றிய வழி இதுதான்: படங்களைத் தொடுவதற்கு முன் அத்தியாயங்களைப் படித்து, எழுத்து எந்த இடத்தில் ஓர் ஓவியத்தை நேராகச் சுட்டுகிறது, எந்த இடத்தில் எழுத்தால் சொல்ல முடியாததை ஓர் ஓவியம் சொல்லும் என்று பென்சிலால் குறித்துக்கொள்வேன். அந்த இடங்கள் நிரம்பிய பிறகு மீதமிருக்கும் பக்கங்களே தேர்வாளரின் கண்ணுக்குரியவை. அவ்வாறு செய்தால் முப்பது மலைகளில் நான்கோ ஐந்தோ தாமாகத் தங்கிவிடும், அவை அக்காவுக்கும் பிடித்துப்போகும். முப்பதையும் அடுக்கியிருந்தால் ஒன்றையுமே நின்று பார்த்திருக்க மாட்டார்.

சரியாக வராத படங்களையும் ஒன்றிரண்டு சேர்க்கத் தயங்காதீர்கள். தியேட்டர் பலகை வரைந்த கைக்கு உடனே நீர்வண்ணம் வசப்பட்டிருக்காது, அந்தத் தடுமாற்றம் தெரியும் தாள் ஒன்று இருக்குமானால், வண்ணம் சேறாகிப் போயிருந்தாலும், அதற்கு அரைப் பக்கம் கொடுக்கலாம்.

செம்மை பாய்ந்த புகைப்படங்களைப் பற்றி என் கருத்து உறுதியானது. அக்காலத்து வண்ணப் படத்தாள்களில் நீலப்பச்சைச் சாயம் முதலில் வெளுத்துவிடுவதால்தான் எஞ்சியவை சிவந்து தெரிகின்றன. ஆகவே படத்தாளின் பழுதை, அதாவது ஓவியத்தைச் சுற்றியுள்ள வெள்ளைச் சுவரோ சட்டையோ வெள்ளையாகத் தெரியும் அளவுக்கு மட்டும், சரிசெய்வது நியாயம். அதற்குமேல் உங்கள் நினைவிலிருந்து நிறம் ஏற்றினால் அது உங்கள் ஓவியமாகிவிடும். அப்படி எந்த வெள்ளையும் படத்தில் அகப்படவில்லை என்றால், கறுப்பு வெள்ளையில் அச்சிட்டு, "மூலம் இல்லை, புகைப்படத்திலிருந்து" என்று அடியில் எழுதிவிடுங்கள். மூலம் கையில் இருந்து, அதுவே வெளுத்திருந்தால், வெளுத்தபடியேதான் அச்சிட வேண்டும். வான்கோ வரைந்த தம் படுக்கையறையின் சுவரை இளம் ஊதா என்று கடிதத்தில் எழுதியிருக்கிறார், சிவப்புச் சாயம் வெளுத்துப்போனதால் இன்று அது நீலமாகத்தான் தெரிகிறது. நூல்களும் நீலமாகவே அச்சிட்டு, ஊதாவைப் பற்றி எழுத்தில் சொல்கின்றன.

துன் சம்பந்தன் உருவப்படத்தை ஒதுக்கிவிட வேண்டும் என்ற தொனி உங்கள் கேள்வியில் இருக்கிறது, அதில் நான் உடன்படவில்லை. சுங்கை சிப்புட்டிலேயே பிறந்து, 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, துண்டுதுண்டாக விற்கப்படவிருந்த தோட்டங்களைத் தொழிலாளர்களின் பங்குப் பணத்தாலேயே வாங்க வழிசெய்தவரின் படத்தை, அதே ஊரின் பால்மரம் வெட்டும் ஓவியர் கூலிக்கு வரைந்தார் என்பதும் வாழ்க்கை வரலாறுதானே. வண்ணப் பக்கத்துக்குப் பதிலாக அந்த அத்தியாயத்தின் எழுத்துப் பக்கத்திலேயே கறுப்பு வெள்ளையில் சிறிதாகப் போட்டு, புகைப்படத்தைப் பார்த்து வரைந்தது என்று குறிப்பிடுங்கள். பணம் தந்தவர்களுக்கும் மனக்குறை இராது.

உரிமையையும் கவனிக்க வேண்டும். மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஓவியரின் ஆயுளுக்குப் பிறகும் 50 ஆண்டுகள் உரிமை நீடிக்கும், ஓவியத்தை விலைக்கு வாங்கியவருக்கு அதனோடு பதிப்புரிமையும் சென்றுவிடாது. ஆனால் ஒருவர் பணம் பேசி வரையச் சொன்ன படமென்றால், வேறு உடன்பாடு இல்லாத நிலையில், பதிப்புரிமை வரையச் சொன்னவருக்கு மாறியதாகவே சட்டம் கொள்கிறது. எனவே மண்டபத்துப் படத்துக்கும் கோயில் வேலைகளுக்கும் அந்தந்த நிர்வாகத்திடம் ஒரு வரி அனுமதிக் கடிதம் வாங்கிவிடுவது நல்லது. வாங்கும்போதே ஓவியத்தின் அளவையும், உயரம் முதலாகவும் அகலம் அடுத்ததாகவும் செ.மீ. கணக்கில், குறித்து வந்துவிடுங்கள். படக்குறிப்பு எழுதும் நாளில் அதற்காக மீண்டும் அலைய வேண்டாம்.

மறுமொழி 3
எழுதியவர்: வெட்டுக்காரர் மகள்

வணக்கம் அண்ணன். எனக்கு ஓவியமும் தெரியாது, அச்சும் தெரியாது. பள்ளி விடுமுறை நாள்களில் அம்மாவோடு நிரைக்கு (மர வரிசைக்கு) போய், பால் பிடிக்கும் மங்கைத் துடைத்து, வெட்டில் உறைந்த ஒட்டுப்பாலை உரித்து வளர்ந்தவள் என்ற தகுதியில் மட்டும் ஒன்றைச் சொல்ல வந்தேன். நீங்கள் இணைத்துள்ள நான்காவது படத்தில், தலையில் விளக்குக் கட்டிய பெண் ஒருவர் மரம் வெட்டிக்கொண்டிருக்கிறார். அந்தப் படம் இடவலமாகப் புரண்டிருக்கிறது.

மரத்துக்கு முன்னால் நின்று பார்த்தால் வெட்டு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கமாகச் சரிந்து இறங்கும். பால் குழாய்கள் பட்டைக்குள் வலப்பக்கமாகச் சாய்ந்து மேலேறுவதால், இந்தச் சரிவில் வெட்டினால்தான் நிறையக் குழாய்கள் அறுபட்டுப் பால் கூடுதலாக வரும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். மாற்றி வெட்டினால் கங்காணி சும்மா விடமாட்டார். உங்கள் படத்திலோ வெட்டு வலமிருந்து இடமாக இறங்குகிறது, பால் சொட்டும் தகரமும் மங்கும் மரத்தின் இடப்பக்கத்தில் இருக்கின்றன. பின்னால் நிற்கும் மரங்களிலும் அப்படியே. தினம் முந்நூறு மரத்துக்குமேல் வெட்டிய கை அதைத் தவறாக வரைந்திருக்காது.

இன்னொன்று, கோயில் சுவரோவியங்கள் போய்விட்டன என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கோயிலில் கல்யாணம் நடந்த வீடுகளில் ஆல்பம் கேட்டுப் பார்த்தீர்களா? எங்கள் பக்கத்தில் மணமக்களை மூலஸ்தானத்துக்கு முன்னால் நிறுத்தி எடுப்பதைவிட, வண்ணம் தீட்டிய சுவருக்கு முன்னால் நிறுத்தி எடுப்பதுதான் வழக்கம்.

கேட்டவரின் மறுமொழி
எழுதியவர்: சுங்கை சிப்புட் தூரிகை

அனைவருக்கும் நன்றி. தங்கச்சி சொன்னதைப் படித்தவுடன் ஸ்லைடுப் பெட்டியை எடுத்துப் பார்த்தேன். பளபளப்பான பக்கம் நம்மை நோக்கியிருந்தால் படம் நேராகத் தெரியும், மங்கலான மருந்துப் பக்கம் நம்மை நோக்கியிருந்தால் புரண்டு தெரியும். வருடுபொறியில் நான்தான் மாற்றி வைத்திருக்கிறேன். ஆசிரியர் தம் பெயரை எப்போதும் ஓவியத்தின் பின்புறத்தில் எழுதும் வழக்கமுடையவர் ஆகையால், புரண்ட எழுத்தைக் கண்டு விழித்துக்கொள்ளும் வாய்ப்பும் எனக்கு இல்லை. அந்தப் படத்தை இரண்டு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருட்டிலிருந்து விளக்கொளி எழும் விதத்தை ரசித்தேனே தவிர, மரத்தை நான் பார்க்கவே இல்லை. மற்ற 22 ஸ்லைடுகளையும் சோதித்ததில் இன்னும் மூன்று புரண்டிருந்தன. அவற்றில் ஒன்றைக் காட்டிக்கொடுத்தது கடைப்பலகையிலிருந்த ஜாவி எழுத்து (மலாய் மொழியை எழுதும் அரபு வரிவடிவம்).

இதற்குப் பிறகு அக்காவையும், ஆசிரியரோடு ஒரே தீம்பாரில் (தோட்டத்தில்) வேலை செய்த இரண்டு பெரியவர்களையும் உட்காரவைத்து, 140 படங்களையும் தரையில் பரப்பி, ஒவ்வொன்றிலும் என்ன தெரிகிறது என்று மட்டும் கேட்டு எழுதிக்கொண்டேன். நான் வெறும் வண்ணப் பயிற்சி என்று ஒதுக்கியிருந்த ஒரு தாளைக் கண்டதும், அது பெரட்டு (விடியற்காலை ஆள் கணக்கெடுப்பு) நடக்கும் இடம் என்றும், மூலையிலிருக்கும் மஞ்சள் பொட்டு ஆயாக் கொட்டகையின் (தொழிலாளர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கொட்டகையின்) விளக்கு என்றும் பெரியவர் ஒருவர் சொன்னார். அந்தத் தாளுக்கு இப்போது முழுப் பக்கம். மலைகள் ஐந்தாகக் குறைந்தன. அந்த ஐந்தையும் தொடர்ச்சியாகப் போட வேண்டும் என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

ரஜூலா படத்தை ஐயா சொன்னபடியே அமைக்கிறோம். பெட்டிகளை நெருக்கத்தில் எடுத்துப் பார்த்தபோது, ஒன்றில் "நாகப்பட்டினம்" என்பதை எழுதத் தொடங்கி, இடம் போதாமல் கடைசி இரண்டு எழுத்துகளைக் கீழே இறக்கி எழுதியிருப்பது தெரிந்தது. பெயர்ப்பலகை எழுதுகிறவன் எவனும் அவ்வளவு பிசகாக இடம் கணக்கிட மாட்டான். உண்மையான பெட்டியொன்றில் அவசரத்தில் அப்படி எழுதிக் கொடுத்துவிட்டு, அதை மறக்காமல் படத்திலும் அப்படியே வைத்திருக்கிறார் என்றுதான் தோன்றுகிறது.

கல்யாண ஆல்பங்களைத் தேடிப் போனதில் மூன்று வீடுகளில் கிடைத்தன. இரண்டில் சுவர் மங்கலாகத்தான் தெரிகிறது. மூன்றாவதில் வள்ளி திருமணக் காட்சி ஏறத்தாழ முழுவதும் இருக்கிறது, மாப்பிள்ளையின் தலைப்பாகை மட்டும் யானையின் துதிக்கையை மறைக்கிறது. மணமகளின் வெள்ளை மாலையை வைத்து நிறத்தையும் ஓரளவுக்கு நேர்செய்ய முடிந்தது. மணமக்களை வெட்டிவிட்டுச் சுவரை மட்டும் போடலாமா என்று அச்சகத்தில் கேட்டார்கள். அக்காவும் நானும் வேண்டாம் என்றோம். அந்தத் தம்பதியர் இன்றும் லிந்தாங்கில் இருக்கிறார்கள், வருகிற ஞாயிற்றுக்கிழமை அனுமதிக் கடிதத்தோடு அவர்களைப் பார்க்கப் போகிறோம். சுங்கை சிப்புட் வட்டாரத்துக் கோயில்களில் 1985க்கு முன் கல்யாணம் நடந்த வீட்டார் இதைப் படித்தால், ஆல்பத்தை ஒருமுறை புரட்டிப் பார்த்து, பின்னால் மயிலோ யானையோ தெரிந்தால் இங்கேயே எழுதுங்கள், நானே நேரில் வந்து படமெடுத்துக்கொள்கிறேன்.